பெண் காவலர் வரும்வரை

சட்டப் புத்தகம் படிக்கிற பழக்கம் எனக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் வந்தது. அதுவரை பேப்பரில் ராசிபலன் பார்ப்பதோடு சரி. இருபத்தெட்டு வருடம் போலீஸ் வேலை பார்த்தவன் இப்படிச் சொன்னால் ஐயாவுக்குச் சிரிப்பு வரலாம். ஆனால் என் வேலைக்குச் சட்டம் தேவைப்பட்டதே இல்லை. ரோட்டில் கையைக் காட்டினால் வண்டி நிற்கும். பையைத் திற என்றால் திறப்பார்கள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

தமிழ்வாணி கேட்டார்.

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் பாடம் எடுப்பவர். அவருடைய அப்பா அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் பிழைத்தவர் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அதை எதற்கு விசாரித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு சாயங்காலம் ஸ்கூட்டரில் வந்தவரை நிறுத்தினேன்.

"எதுக்கு சார் சோதிக்கிறீங்க? காரணத்தைச் சொல்லுங்க" என்றார்.

பையைச் சாலையில் கொட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். இடுப்பில் ஏதோ துருத்திக்கொண்டிருந்தது. கை வைத்துப் பார்த்தேன். செல்போன். சுற்றிலும் பத்துப் பேர் நின்றார்கள். அவர் அழவில்லை. என் சட்டையில் இருந்த பெயரைப் பார்த்து, "உக்கிரபாண்டி" என்று ஒருமுறை சொல்லிக்கொண்டார். பொருட்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தமிழ்வாணி கொடுத்த புகாரின் பேரில் நான்கு மாதம் கழித்து விசாரணை நடந்தது. அவருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். நான் நின்றேன். விசாரணை அதிகாரி என் கையில் சட்டப் புத்தகத்தைக் கொடுத்து, சத்தமாகப் படிக்கச் சொன்னார். ஒரு பெண்ணைச் சோதிக்க வேண்டியிருந்தால் இன்னொரு பெண்தான் சோதிக்க வேண்டும், கண்ணியத்தைக் கண்டிப்பாகக் காக்க வேண்டும். மூன்று முறை படிக்க வைத்தார். தமிழ்வாணி ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். ஒருமுறை என்னைப் பார்த்திருந்தால் எல்லாம் வேறு மாதிரி போயிருக்குமோ என்னவோ.

பதவி உயர்வு நின்றுபோனது. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். வீட்டில் என் மகள் சரண்யாதேவி எனக்குச் சோறு போட்டால் தட்டை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு நகர ஆரம்பித்தாள். என் கை அவள் கையில் படாதபடி வைக்கப் பழகியிருந்தாள். கேட்டால், "ஒண்ணுமில்லப்பா" என்பாள்.

அதன் பிறகுதான் டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் அந்தப் புத்தகத்தை வாங்கினேன். சட்டத்துக்குப் பேர் மாறியபோது புதியதையும் வாங்கினேன். படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. மக்களைக் காப்பாற்ற எழுதிய விதி ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். சாட்சிகளைத் தேட நேரம். உரிமையை எழுதிக் கொடுக்க நேரம். வீடியோ எடுக்க நேரம். விதியை மீறுகிறவன் இரண்டு நிமிடத்தில் சோதித்து அனுப்பிவிடுவான். நான் மீறுவதை நிறுத்தினேன். இரண்டு வருடம் என் சோதனைகள் அம்புட்டுச் சுத்தமாக இருந்தன. மேலதிகாரிகள் மற்றவர்களை என்னிடம் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள்.

போன ஆடி மாதம் அழகர்கோவில் தேருக்கு எங்கள் ஆட்களில் பாதிப் பேர் பந்தோபஸ்து போயிருந்தார்கள். மதியம் இரண்டே முக்கால். மேலூர் ரோட்டில் தடுப்பு வைத்து நின்றோம். ஒரு வெள்ளைக் கார் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. ஓட்டி வந்தவர் தமிழ்வாணியின் கணவர் பாண்டிராஜ். பின்சீட்டில் தமிழ்வாணி படுத்திருந்தார். அடியில் விரித்திருந்த துண்டு நனைந்திருந்தது.

"எட்டு மாசம் சார். ரத்தம் நிக்க மாட்டேங்குது. ஆம்புலன்ஸ் வர நேரமாகும்னு சொல்லிட்டாக. பெரியாஸ்பத்திரிக்குப் போறோம்" என்றார் பாண்டிராஜ்.

"வெள்ளைக் கார்ல கஞ்சா வருதுன்னு தகவல். ஓரமா நிறுத்துங்க" என்றேன்.

நீதிபதி முன்னிலையிலோ உயர் அதிகாரி முன்னிலையிலோ சோதிக்கப்பட பாண்டிராஜுக்கு உரிமை உண்டு என்பதை எழுதிக் கொடுத்தேன். வேண்டாம் என்று எழுதி வாங்கினேன். காவலர் அழகுபாண்டி செல்போனில் வீடியோ எடுத்தான். போனை ஒருபக்கமாகச் சாய்த்திருந்தான். நேராகப் பிடிக்கச் சொன்னேன். சாட்சிக்கு ஒரு லாரி டிரைவரையும், எதிரே இளநீர் வெட்டுகிற பேயாண்டியையும் கூப்பிட்டேன்.

"புள்ளத்தாச்சிய்யா. இதுல என்னத்தத் தேடப் போறீக?" என்றார் பேயாண்டி.

"நீங்க சாட்சி. பாத்தா போதும்."

பாண்டிராஜைச் சோதித்தேன். டிக்கி, முன்சீட்டு, கதவு இடுக்கு, ஸ்டெப்னி டயர். மூன்று பத்து ஆனது. பிறகு பெண் காவலர் இந்துப்ரியாவுக்குப் போன் செய்து வரச் சொன்னேன்.

"ஐயா, விட்டுருவோம். நான் வேணா பின்னாடியே பைக்குல போறேன்" என்றான் அழகுபாண்டி. போனைக் காரின் பக்கம் திருப்பச் சொல்லிச் சைகை காட்டினேன். வீடியோவில் என் குரல் தேவைக்கு மேல் இருக்கக்கூடாது.

தமிழ்வாணி அப்போதுதான் என்னை அடையாளம் கண்டார். உதடு வெளுத்திருந்தது.

"சார், நீங்களே சோதிச்சுக்கங்க. எங்க வேணாலும் பாருங்க. நான் யார்கிட்டயும் எதுவும் சொல்ல மாட்டேன். எங்களை விட்டுருங்க."

என் மூன்று வருடமும் அந்த வார்த்தைகளுக்காகத்தான் என்று அப்போது தோன்றியது.

"அது விதிக்குப் புறம்பும்மா. பெண் போலீஸ் வந்துக்கிட்டிருக்காங்க" என்றேன். ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கண்ணியம் கருதி, சத்தம் வராமல் கார்க் கதவைச் சாத்தினேன். பாண்டிராஜ் என் காலில் விழுந்தார். தூக்கி நிறுத்தினேன்.

இந்துப்ரியா மூன்று முப்பத்தாறுக்கு வந்தாள். இரண்டு நிமிடத்தில் சோதித்துவிட்டு, அழுதுகொண்டே வெளியே வந்தாள். ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். காகிதத்தின் ஓரத்தில் பாண்டிராஜின் விரல் சிவப்பாகப் பதிந்தது. கார் மாட்டுத்தாவணியைத் தாண்டுவதற்குள் தமிழ்வாணி இறந்துவிட்டார். குழந்தையும் பிழைக்கவில்லை.

ஐயா, இந்தச் சாவைப் பற்றிய உங்கள் அறிக்கை வரைவை எனக்குக் காட்டினீர்கள். விதிமீறல் ஏதும் இல்லை, பந்தோபஸ்து காரணமாக அந்த இடத்தில் பெண் காவலர் இல்லாதது தற்செயல் என்று இருக்கிறது. என்னைக் காப்பாற்றுகிற வாக்கியம்தான். ஆனால் தற்செயல் என்ற சொல்லை அடித்துவிடுங்கள். நான் செய்ததைத் தற்செயல் செய்ததாக எழுதினால் எனக்கு ஒப்பவில்லை.

இந்துப்ரியா பந்தோபஸ்துக்குப் போகவில்லை. இரண்டே முக்காலுக்கு என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். காரின் ஹாரன் கேட்டதும் வண்டி வரிசையின் ஓரமாக நடந்து போய்ப் பின்சீட்டை எட்டிப் பார்த்தேன். திரும்பி வந்து அவளிடம், "இன்னும் சாப்பிடலையேம்மா, ஸ்டேஷனுக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு நிதானமா வா" என்றேன். தேங்க்ஸ் சார் என்று சிரித்துவிட்டு வண்டியை எடுத்தாள். ஏன் அனுப்பினேன் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

அந்தக் கார் தடுப்புக்கு வர, முன்னால் இன்னும் மூன்று வண்டிகள் இருந்தன. மனம் மாற அது போதுமான நேரம். நான் குறிப்பேட்டைத் திறந்து, வெள்ளைக் காரில் கஞ்சா வருவதாகத் தகவல் வந்தது என்று நானாகவே எழுதி, பக்கத்தில் நேரத்தையும் குறித்தேன்.