பக்கத்துச் சிம்மாசனம்

ஒட்டுத்தாடி வெந்நீரில் கழுவினால் போகாது, ஐயா. ஆலிவ் எண்ணெய் தடவிக் கால் மணி நேரம் ஊறவிட வேண்டும். நேற்று அதற்கு நேரமில்லை. இரவு முழுக்க மருத்துவமனையில் இருந்துவிட்டு நேராக இந்தக் காவல் நிலையத்துக்கு வருகிறேன். அதனால்தான் தாடையில் இப்படித் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. பார்க்க அருவருப்பாக இருந்தால் மன்னியுங்கள்.

யாரும் என்னைக் கூட்டிவரவில்லை, நானாகத்தான் வந்தேன். மருத்துவமனை வாசலில் இன்றைய செய்தித்தாளைப் பார்த்தேன். 'மனைவி தந்த சைகையை நடிகர் ஜெவ்தெத் கவனிக்கவில்லை' என்று போட்டிருந்தார்கள். இருபத்தாறு வருடமாக நடிக்கிறேன். எதிரில் நிற்பவரின் இமை அசைந்தாலும் எனக்குத் தெரியும். கவனிக்கவில்லை என்று எழுதினால் எப்படிச் சும்மா இருப்பது?

ஃபெராயேவுக்கும் எனக்கும் கல்யாணமாகிப் பதினொரு வருடம். நாங்கள் நடிக்கும் தொலைக்காட்சித் தொடரில் நான் அரசன், அவள் அரசி. முதல் வருடம் அவளுக்கு வாரத்துக்கு நான்கு வரி வசனம் இருந்தால் அதிகம். என் காலடியில் ஒரு மெத்தை போட்டு உட்காரவைத்திருந்தார்கள். அப்போது நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம்.

இரண்டாவது வருடம் கதையில் எனக்குக் காயம் பட்டது. நான் படுக்கையில் கிடந்த மூன்று வாரமும் அரசி சபையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னாள். ஜனங்களுக்கு அது பிடித்துப்போயிற்று. சந்தையில் பெண்கள் அவளை நிறுத்தி, மடி நிறைய மாதுளம்பழம் கொடுத்தார்கள். உடனே எழுத்தாளர்கள் கதையை மாற்றினார்கள். இனி அரசாணை எதுவானாலும் இரண்டு முத்திரை விழ வேண்டும். தச்சர்கள் என் சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று செய்து வைத்தார்கள்.

இயக்குநர் ஹல்துனிடம் கேட்டேன். "இது என்னுதைவிட ரெண்டு விரல் ஒசரமா இருக்கே?"

"அண்ணி குள்ளம் அண்ணே. கேமராவுல ரெண்டு பேர் தலையும் சமமா வரணும்ல."

ஃபெராயே ஏறி உட்கார்ந்து காலை ஆட்டினாள். "அரசே, கால் தரைல எட்டல. ஒரு முக்காலி போடச் சொல்லி ஆணை போடுங்க. என் முத்திரைய நானே குத்திக்கறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலாகக் குமட்டியது.

அதற்குப் பிறகு அவள் செய்கிற எதையும் என்னால் பார்க்க முடியவில்லை. நெத்திலி வறுத்தால் தலையோடு மென்றுவிட்டு விரல்களை ஒவ்வொன்றாகச் சப்புவாள். கழுவுதொட்டியில் அவள் முடி சுருண்டு கிடக்கும். பொய்முடி ஒட்டுகிற பசையின் வாடை தலையணையில் ஏறியிருந்தது. இதெல்லாம் முன்பும் இருந்ததுதான். ஆனால் அந்த எண்ணெய் விரலால் என் ராஜ்யத்துக்கு முத்திரை வைக்கிறாள் என்று நினைத்தால் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துவிடுவேன். முத்தக் காட்சி முடிந்ததும் வேனுக்குப் போய் வாய் கொப்பளிப்பேன். எனக்கு ஈறு வலி என்று அவள் நினைத்துக்கொண்டாள். கிராம்புத் தைலம் வாங்கிவந்து, "ஆ காட்டு" என்று விரலை நீட்டினாள். வேண்டாமென்று நானே தடவிக்கொண்டேன்.

வீட்டிலும் அவள் கேலி ஓயாது. "மாமன்னர் குப்பைய வெளிய வெச்சாச்சா? இல்ல, அதுக்கும் ரெண்டு முத்திரை வேணுமா?" அவளுக்கு அது வெறும் விளையாட்டு. எனக்குத் தெரியும். நான் அவளிடம் ஒருநாளும் குரல் உயர்த்தியதில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டுப்பாருங்கள்.

நேற்றைய காட்சியைச் சொல்கிறேன். கோட்டைக்குள் எதிரி நுழைந்துவிட்டான். அரசியைக் கயிற்றில் கட்டி நிலவறைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிவிட்டு, கயிற்றை முதுகுக்குப் பின்னால் பிடித்தபடி அரசன் எதிரித் தளபதியிடம் பேச வேண்டும். நான்கு நிமிட வசனம், முழுவதும் என்னுடையது. இரண்டு வருடத்தில் அவள் இல்லாமல் எனக்குக் கிடைத்த முதல் காட்சி.

மணல்மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டால் போதும் என்றார் ஹல்துன். ஃபெராயே கேட்கவில்லை. "கயித்துல ஆள் கனம் இல்லேன்னா இவருக்குக் கையில நடிப்பு வராது. பதினோரு வருசமா பாக்கறேன், எனக்குத் தெரியாதா? நானே எறங்கறேன்."

உள்ளே ஒரு பலகை போட்டிருந்தார்கள். அதில் நின்றால் தண்ணீர் இடுப்பளவு, பலகைக்குக் கீழே இரண்டு ஆள் ஆழம். ஏதாவது என்றால் அவள் கயிற்றை இரண்டு முறை இழுக்க வேண்டும், நான் இடதுகையை உயர்த்த வேண்டும். பாதுகாப்பு வேலை பார்க்கும் தெமிர் பத்தடி தள்ளி என் கையையே பார்த்துக்கொண்டிருப்பான். ஏற்பாட்டில் குறை இல்லை.

மூன்றாவது வரி பேசும்போது கயிற்றில் சட்டென்று கனம் ஏறியது. பலகை சரிந்திருக்க வேண்டும். அதை நான் செய்யவில்லை, தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். வெல்வெட் அங்கி தண்ணீர் குடித்தால் ஒரு ஆள் எடை வரும். உடனே இரண்டு இழுப்பு. 'இந்த நாட்டுக்குத் தலை இரண்டு. ஒன்றை வெட்டினால் மற்றது ஆளும்' என்ற வசனத்தில் இருந்தேன். மறுபடி இரண்டு. குரல் நன்றாக வந்துகொண்டிருந்தது. அப்படி ஒரு குரல் எனக்கு வந்து எத்தனையோ நாளாயிற்று. மூன்றாவது தடவை அவள் இழுத்தபோது என் தோள் ஆடியது. தோள் ஆடினால் காட்சி கெட்டுவிடும். அதனால் கயிற்றை இரண்டு முழம் தளர்த்தினேன்.

அதன் பிறகு இழுப்பு மெலிந்தது. மொத்தம் பதினொன்று. கடைசி இழுப்பு மீன் தூண்டிலை முகர்ந்து பார்ப்பதுபோலத்தான் இருந்தது. வேறு எந்த நடிகனும் அதை உணர்ந்திருக்க மாட்டான். நான் உணர்ந்தேன்.

காட்சி முடிந்ததும் கை தட்டினார்கள். ஒப்பனைப் பெண் அழுதுகொண்டிருந்தாள். தெமிர் ஓடிவந்தான். "அண்ணே, ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப்போச்சு. அண்ணிய மேல இழுத்துரலாமா?"

"இரு, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கறேன்" என்றேன். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். முழு டம்ளரும். பிறகுதான் கயிற்றை அவனிடம் கொடுத்தேன்.

சாயங்காலம் மருத்துவமனையில் டாக்டர் வந்து கையை விரித்த பிறகு, ஹல்துன் என் தோளில் சாய்ந்து அழுதார். "உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அண்ணி சத்தியம் வாங்கியிருந்தாங்க அண்ணே. அடுத்த வருசம் உங்களத் தொடர்லேர்ந்து எடுத்துட்டு அவங்கள மட்டும் வெச்சு ஓட்டலாம்னு சேனல்ல சொன்னாங்க. அண்ணி ஒப்பந்தத்தத் தூக்கி மேஜை மேல வீசிட்டாங்க. அவரு இல்லாத சபையில நான் ஒக்கார மாட்டேன்னுட்டாங்க."

முன்பே தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்றுதானே கேட்கிறீர்கள்? இன்னும் ஒரு முழம் தளர்த்தியிருப்பேன். நான் உட்கார்ந்திருந்தது அவள் போட்ட பிச்சையில் என்று கேட்டதும், தாழ்வாரத்திலேயே வாந்தி எடுத்துவிட்டேன். செவிலியர்கள் துக்கம் என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தார்கள்.

தெமிரை விட்டுவிடுங்கள். அவன் பார்க்க வேண்டியதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான், உயராத கையை அவன் எப்படிப் பார்ப்பான்? பதினோரு இழுப்பையும் எண்ணிக்கொண்டே, ஒரு சொல் பிசகாமல், என் மனைவியைத் தண்ணீருக்குள் வைத்திருந்தது நான்தான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஆனால் கயிற்றை நழுவவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. கடைசிவரை நான் அவளைக் கைவிடவில்லை.