கிராணி வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்குது

இல்லண்ணே, அந்த ஈரத் துணிய எடுக்காதீங்க. எடுத்தா அவரு வந்து சத்தம் போடுவாரு. சூட்டுக்குத்தான் போட்டிருக்கு, காய்ச்சக்காரன் நெத்தியில போடற மாதிரி. ஒரு மணி நேரத்துக்கு ஒருக்கா நனைச்சுப் பிழிஞ்சு போடணும், அது என் வேலை. என்னா? கரண்டு சாமான் மேல ஈரமான்னா? அதத்தாண்ணே நானும் கேட்டேன். நல்லாப் பிழிஞ்சா ஒண்ணும் ஆவாதுன்னுட்டாரு.

சரி, ஒங்களுக்குப் பயமா இருந்தா எடுத்துருங்க. அவரு மோட்டர் சைக்கிள் சத்தம் கேட்டா நான் திரும்பப் போட்டுக்கறேன்.

உக்காருங்க மொதல்ல. பசியாறிட்டீங்களா? கிள்ளான்லேருந்து பஸ்ஸுலயா வந்தீங்க? புக்கிட் ரோத்தான்ல எறங்கி இம்புட்டுத் தூரமும் செம்பனைத் தோட்டத்துக்குள்ள நடந்தேவா? அடக் கடவுளே. ஒங்கள ஏத்திக்கிட்டு வரத்தானே அவரு மோட்டர எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனாரு. நீங்க குறுக்கு வழியில வந்திருக்கீங்க, அவரு தார் ரோட்டுல போயிருக்காரு. இனி அடுத்த பஸ் வர்ற வரைக்கும் அங்கயேதான் நிப்பாரு. ஒரு எடத்துல நின்னாருன்னா நின்னதுதான். இருங்க, கோப்பி கலக்கறேன், பேசிக்கிட்டே கலக்கறேன், அடுப்பு இங்கதான இருக்கு.

இதுக்கு முன்ன கம்ப்யூட்டரு ரிப்பேர் பண்ணியிருக்கீங்களாண்ணே? டிவி, ரேடியோதானா? பரவால்ல, பயப்படாதீங்க. இங்கயும் அதுதான் இருக்கு. அந்தப் பக்கம் டிவி, இந்தப் பக்கம் கேசட்டுப் பொட்டி, நடுவுல அந்தப் பட்டன் பலகை ஒண்ணுதான் புதுசு.

கோளாறு என்னான்னா, மெதுவாப் போவுதுண்ணே. முன்னெல்லாம் கேசட்டப் போட்டா இருபது நிமிஷம். கீய்ய்ன்னு கத்தும், அப்புறம் டிவியில ரெடின்னு எழுத்து வரும். இப்ப முக்கா மணி நேரம் கத்துது. கத்தி முடிச்சிட்டு எர்ரர்ங்குது. திரும்ப மொதல்லேருந்து. காலையில ஒம்போது மணிக்கு ஆரம்பிச்சு, நாலு தடவ எர்ரர் வாங்கிட்டு, சோறு திங்காம உக்காந்திருக்காரு மனுசன்.

இத வாங்குனது எம்பத்தஞ்சுலண்ணே, இப்ப ரெண்டு வருசம் ஆவப்போவுது. அவருக்கு இந்தத் தோட்டத்து ஆபீஸ்ல எழுத்து வேலை, இருபத்தாறு வருசமா கிராணி. தொரை ஒரு நாளு சொன்னாராம், இனி எல்லாத்துக்கும் கம்ப்யூட்டருதான்னு. இவரு உடனே, அது வந்து என்னைய வேலை வாங்கறதுக்கு முன்ன நான் அத வேலை வாங்கறேன்னு கெளம்பிட்டாரு. கிள்ளான் கடையிலேருந்து மோட்டர்லதான் கொண்டாந்தோம். அவரு ஓட்ட, நான் பின்னால ஒக்காந்து சாரோங் துணியில சுத்தி மடியில வெச்சிருந்தேன், ஆடக் கூடாதுன்னு. ஜெராம் கிட்ட மழைக்கு ஒதுங்குனோம். அங்க நின்ன ஒரு மலாய்க்கார அம்மா பக்கத்துல வந்து, ஆம்பளப் புள்ளயா பொம்பளப் புள்ளயான்னு கேக்குது. இவரு திரும்பிப் பாக்காமலே, இன்னும் பேசல, பேசுனாத்தான் தெரியும்ங்கறாரு.

மொத மூணு மாசம் டிவியில அவரு பேருதான் ஓடிச்சு. மேலேருந்து கீழ வரைக்கும் அவரு பேரே. பேர நான் சொல்லமாட்டேன், வாசல்ல போர்டுல போட்டிருக்கு பாத்துக்குங்க. லயத்து வீடுங்கள்லேருந்து சனமெல்லாம் வந்து பாத்துட்டுப் போச்சு. அதுக்கப்புறந்தான் ஜாதகம் பாக்கற வேலைய அதுல எழுதுனாரு. அவரே எழுதுனதுண்ணே! நாலு மாசம் பஞ்சாங்கத்த மடியில வெச்சுக்கிட்டு எழுதுனாரு. பொண்ணு நட்சத்திரம், மாப்பிள நட்சத்திரம் ரெண்டையும் தட்டுனா, பத்துப் பொருத்தத்துல எத்தனைன்னு நம்பரு வரும்.

சிரிக்காதீங்க. ஊரே நம்புச்சு. கோயில் பூசாரி இருசப்பன் மொதல்ல கோவிச்சுக்கிட்டு எங்க வீட்டுப் பக்கமே வரல. அப்புறம் அவரே ரெண்டு ஜாதகத்த இடுப்புல சொருவிக்கிட்டு வந்து, சும்மா சரி பாக்கத்தான் கிராணின்னாரு. அது இருபது நிமிஷம் கத்தும் பாருங்க, அந்த இருபது நிமிஷமும் சனங்க கைகட்டி நிக்குங்க. ஒரு அம்மா கன்னத்துல போட்டுக்கிச்சு. மூணு கல்யாணம் இதப் பாத்து நடந்திருக்கு. அதுல ஒரு சோடிக்கு ஒம்போது பொருத்தம். அது ரெண்டும் தெனம் அடிச்சுக்குது. போன மாசம் புருசன்காரன் வந்து, கிராணி, இன்னொரு தடவ போட்டுப் பாருங்க, அன்னைக்கு வோல்டேஜ் கம்மியா இருந்திருக்கும்ங்கறான்.

ஆமா, வோல்டேஜத்தான் இவரும் மொதல்ல சந்தேகப்பட்டாரு. பக்கத்து வீட்டு அப்பளசாமிகிட்ட பிரிட்ஜ் இருக்கு. அது உறுமுனா எங்க டிவி படம் சுருங்கும். இவரு போயி, நான் கம்ப்யூட்டர் போடறப்ப பிரிட்ஜ் சுவிச்ச அடைச்சு வைய்யின்னாரு. அந்த ஆளும் நல்ல ஆளு, அடைச்சான். அவன் பொஞ்சாதி ஐஸ் பாக்கெட் போட்டு புள்ளைங்களுக்கு விக்குது. நாலு எர்ரருக்குள்ள அத்தனையும் கரைஞ்சு போச்சு. ஒரு பேசின் நெறைய செவப்புத் தண்ணியத் தூக்கிக்கிட்டு வந்து எங்க வாசல்ல வெச்சிட்டு, குடிங்க, நீங்களே குடிங்கன்னுட்டுப் போச்சு. ரெண்டு நாளு குடிச்சோம்.

அப்புறம் காத்தாடி. ரெண்டு காத்தாடி, ஒண்ணு முன்னால, ஒண்ணு பின்னால. எனக்கு இந்த வெக்கையில ஒண்ணும் கெடையாது. அப்புறம் கேசட்டெல்லாம் ஈரம் இழுத்திருக்கும்னு அரிசி டின்னுக்குள்ள பொதைச்சு வெச்சாரு. நான் தெரியாம அளந்து போட்டுட்டேன், ஒல கொதிக்கறப்பதான் பாத்தேன். இல்லண்ணே, அது வேற கேசட்டு, சாமிப் பாட்டு. நல்ல வேளை. அப்புறம் தெச. மேற்கப் பாத்து வெச்சதால மந்தமா இருக்குன்னு இருசப்பன் சொல்ல, கெழக்கப் பாத்துத் திருப்பிட்டாரு. அதனாலதான் டிவி அடுப்பங்கரைக்குள்ள மொகத்த நீட்டிக்கிட்டு நிக்குது. அவரு அடுப்புக்குப் பக்கத்துலயே உக்காந்திருக்காரா, மொளகா தாளிச்சா தும்முவாரு. தும்முனா கை தவறி பட்டன் மேல விழுந்துருமாம். அதனால ஒரு மாசமா இந்த வீட்டுல தாளிப்பு கெடையாது. பச்சத் தண்ணியில வெந்தது மாதிரி சாம்பாரு. எல்லாம் இந்த ஒரு மாசக் கூத்துத்தாண்ணே.

இந்தாங்க கோப்பி. சீனி போதுமா?

இவ்ளோ அவசரம் எதுக்குன்னா, ஞாயித்துக்கெழமை எங்க பொண்ணப் பொண்ணு கேட்டு வர்றாங்க. கலாவதி. ஒரே பொண்ணு, இருபத்திநாலு முடிஞ்சிருச்சு, கோலசிலாங்கூர்ல வக்கீல் ஆபீஸ்ல டைப் அடிக்குது. பையன் பேரு சேது. ராவாங்ல ஒரு பேக்டரியில மிஷின் பாக்கறான். லோரி இடிச்ச கேசுக்கு அந்த ஆபீசுக்கு வந்தவன், கேசு முடிஞ்சும் வந்துக்கிட்டே இருந்தான். நல்ல பையண்ணே. கால் கொஞ்சம் சாய்ச்சு நடப்பான், அது அந்த லோரியால. ஆனா இவரு ஒரே வார்த்த சொல்லிட்டாரு. கம்ப்யூட்டரு ஏழுக்கு மேல சொன்னாத் தாம்பூலம், இல்லன்னா கோப்பி குடுத்து அனுப்பிரலாம்னு.

கெட்ட மனுசன் இல்லண்ணே அவரு. அவருக்கு அன்னம்மான்னு ஒரு தங்கச்சி. அதக் கட்டிக் குடுத்தப்ப ஜாதகமும் பாக்கல, ஒண்ணும் பாக்கல, ஆளு செவப்பா இருக்கான்னு குடுத்துட்டாங்க. எட்டு மாசம். ஒரு டிரங்குப் பொட்டியோட பஸ் ஸ்டாப்புல எறக்கி விட்டுட்டுப் போயிட்டான். அது மூணு மணி நேரம் அங்கயே பொட்டி மேல உக்காந்திருந்துச்சாம், வீட்டுக்கு வரக் கூச்சப்பட்டுக்கிட்டு. இவருதான் போயி கூட்டியாந்தாரு. இப்பவும் இருக்கு, சித்தவன் தோட்டத்துல அவங்க அக்கா கூட. அன்னைக்கே இந்த மிஷின் இருந்திருந்தாம்பாரு.

ஆங், கேசட்டுப் பொட்டியத் தொறக்கறீங்களா? தொறக்கணுமா? அதுல ஒண்ணும் இருக்காதுண்ணே, அந்தப் பட்டன் பலகையத் தொறங்களேன்.

என்னா மோந்து பாக்கறீங்க? எண்ணெ வாடையா?

தேங்கா எண்ணெதான்.

ஐயோ, சத்தமாச் சொல்லாதீங்க, அப்பளசாமி வீட்டுல காது இந்தப் பக்கந்தான் இருக்கும். நாந்தாண்ணே ஊத்துனேன். ஒவ்வொரு வெள்ளிக்கெழமையும் தலைக்கு எண்ணெ வெக்கறப்ப கேசட்டச் சுத்தற அந்த ரப்பர் வாருல ஒரே ஒரு சொட்டு. அது வழுக்கிக்கிட்டு மெதுவாச் சுத்தும். எனக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்களா? யாரு சொல்லணும், தையல் மிஷின் வாருல எண்ணெ பட்டா என்னா ஆவும்னு பொம்பளைக்குத் தெரியாதா?

கேளுங்க. தைப்பூசத்துக்கு மொத நாளு, இவரு காவடி வேலையாக் கோயிலுக்குப் போயிட்டாரு. கலா அந்தக் கேசட்டப் போட்டு, அவ நட்சத்திரத்தையும் சேது நட்சத்திரத்தையும் தட்டுனா. அன்னைக்கு அது சுருக்கா ஓடிச்சு பாருங்க, பதினெட்டே நிமிஷம். மூணுன்னு வந்துச்சு. பத்துக்கு மூணு. திரும்பப் போட்டோம், மூணு. நான் சாமி கும்புட்டுட்டுப் போடச் சொன்னேன், மூணு. தாயும் மவளும் அந்த மூணையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். கொண்டி மாதிரி வளைஞ்சுக்கிட்டு நிக்குது டிவி நடுவுல.

அத மாத்தி எழுத முடியாதான்னு நானும் கேட்டேன். முடியுமாம், அவளுக்குத் தெரியுமாம். ஆனா மாட்டேன்னுட்டா. அப்பா நாலு மாசம் எழுதுனது, அது மேல கைய வெச்சுப் பொய் சொல்ல வெக்க மாட்டேங்கறா. சரி, ஓடாம பண்ணிரலாமான்னேன். அவ எண்ணெக் கிண்ணத்த என் பக்கமா நவுத்தி வெச்சா.

அதனால ஒங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பொய் சொல்ல வேணாம். அந்த வாரு போச்சு, புதுசு கோலாலம்பூர்லேருந்து வரணும், திங்கக்கெழமைதான் கெடைக்கும்னு சொல்லுங்க. ஒங்க பையில ஒண்ணு இருக்குதா? இருந்தா பையிலயே இருக்கட்டும்லா. ஞாயித்துக்கெழமை மட்டும் தாண்டட்டும்.

மிஷின் இல்லாமலே அவரு வேணாம்னு சொல்லிட்டா என்னாங்கறீங்களா?

சொன்னாத்தான் இனி என்னா ஆவும்? அதுங்க ரெண்டுக்கும் ரெஜிஸ்டர் ஆயி பத்து நாளாச்சுண்ணே. கிள்ளான் பதிவு ஆபீஸ்ல. ராவாங்ல மலிவு வீட்டுக்குப் பேரு குடுக்கணும், கல்யாண சர்ட்டிபிகேட் இல்லாம பாரத்தையே வாங்க மாட்டாங்களாம். சாட்சிக்கு ஒருத்தரு சேதுவோட மாமா. இன்னொண்ணு நான்தான். பல்லப் புடுங்கப் போறேன்னு சொல்லிட்டுப் போயி கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன். வந்து ரெண்டு நாளு வாயில பஞ்ச வெச்சுக்கிட்டுக் கஞ்சி குடிச்சேன்.

இல்ல, அவருக்குச் சொல்லல. அதுக்கு முன்னால இருபத்தோரு நாளு பேர எழுதி ஆபீஸ் போர்டுல ஒட்டி வெப்பாங்களே, யாராச்சும் ஆட்சேபம் சொல்லணும்னா சொல்லட்டும்னு. அந்த இருபத்தோரு நாளுக்குள்ளதான் இவரு ஐ.சி. அடையாளக் கார்ட மாத்த அதே ஆபீசுக்குப் போனாரு. வந்தாரு. கை கால் கழுவுனாரு. தட்டு முன்னால உக்காந்தாரு. தின்னுக்கிட்டே சொல்றாரு, அங்க போர்டுல ஒரு பொண்ணு பேரு ஒட்டியிருக்கு, கலாவதியாம், அப்பா பேரு கூட என் பேருதான், என்னா பொருத்தம் பாருன்னாரு. ரசம் ஊத்துன்னாரு. ஊத்துனேன்.

தெரிஞ்சிருச்சான்னா கேக்கறீங்க? தெரியலண்ணே. அவரும் கேக்கல, நானும் சொல்லல. ஆனா அது வரைக்கும் மிஷின் ஓடலன்னா, விடு, அப்புறம் பாக்கலாம்னு மூடி வெச்சிட்டு எந்திரிச்சிருவாரு. மறுநாளு காலையிலதான் ஆபீசுக்கு லீவு போட்டுட்டு அது முன்னால உக்காந்தாரு. அன்னையிலேருந்து இந்தத் துணி, காத்தாடி, கெழக்குத் தெச எல்லாம். நான் அடுப்பு வேலையா இருக்கேன்னு நெனைச்சுக்கிட்டு அதுகிட்ட மெதுவாச் சொல்லிக்கிட்டிருக்காரு. ஏழு வேணாம், ஆறு வந்தாக்கூடப் போதும்னு. நேத்து அஞ்சுக்கு எறங்கி வந்துட்டாரு.