இரண்டு மாடல், ஒரு மைத்துனன்

பழைய கம்ப்யூட்டரைப் பற்றிப் பேச ஆள் கிடைத்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. உங்களைப் போலப் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்கிறவர் வாய்த்தது என் அதிர்ஷ்டம், ஐயா.

என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஒரே கம்பெனி, திரையும் பெட்டியும் ஒன்றாகச் சேர்ந்த வகை. பார்க்கிறவர்களுக்கு அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். எனக்கு அப்படியில்லை. முதல் மாடலின் திரை பளிச்சென்று உயிர்பெறும். இரண்டாவது சோம்பேறி, கொட்டாவி விட்டுக்கொண்டே எழும். வீட்டுக்கு யார் வந்தாலும் இரண்டையும் போட்டுக் காட்டாமல் காபி கொடுக்க விட்டதில்லை.

என் மனைவியின் தம்பி பல் டாக்டர். ஊரார் வாயையெல்லாம் அடைத்தவனுக்குத் தன் வாயை மூடத் தெரியாது. "ரெண்டும் ஒண்ணுதான் மாமா, முன்னாடி ஒட்டின பேர்த் தகடுதான் வேற" என்பான்.

போன ஞாயிறு வீடு நிறைய விருந்தாளிகள். முதல் மாடலைப் போட்டு, "பாத்தீங்களா வேகத்த" என்று புகழ்ந்து தள்ளினேன். மைத்துனன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். காலையிலேயே தகடுகளை இடம் மாற்றி ஒட்டிவிட்டானாம்.

"இவ்வளவு நேரம் நீங்க கொஞ்சினது அந்தச் சோம்பேறியத்தான் மாமா."

என் மனைவி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். சத்தியமாகச் சிரிப்பு அடங்கவேயில்லை. உள்ளுக்குள் அவமானத்தில் வெந்துகொண்டிருந்தேன் என்பதும் உண்மைதான்.

எல்லாரும் போனபின் அவனே தகடுகளைப் பழையபடி ஒட்டினான். "உள்ள பாத்தா வித்தியாசம் தெரியும்டா" என்று முதல் மாடலின் பின்மூடியைக் கழற்றினேன். திரைக்குப் பின்னால் தடித்த ஒயர் ஒன்று ரப்பர் மூடிக்குள் போகும். அந்த ரப்பரைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேன்.

"பிளக்கப் பிடுங்கியாச்சா மாமா?"

"பிடுங்கியாச்சுடா."

அதில் பொய்யில்லை. பழைய திரை, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைச் சாய்க்கும் அளவுக்கு மின்சாரத்தை உள்ளே தேக்கி வைத்திருக்கும். அதை அவன் கேட்கவில்லை; நானாகவும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்றுதான் பின்மூடியையே கழற்றினேன். பல் பிடுங்குகிற அதே நிதானத்தோடு அவன் கையை உள்ளே விட்டான்.

வேண்டுமென்றே கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. எந்த மாடல் என்பதை மட்டும் சரியாக எழுதுங்கள். பளிச்சென்று முடிந்துவிட்டது, ஐயா. இரண்டாவதாக இருந்தால் இழுத்தடித்திருக்கும். அவன் இப்போது இருந்திருந்தால் வித்தியாசத்தை ஒத்துக்கொண்டிருப்பான்.