நூற்றுக்கு நூறு வாங்கிய ஷோபா

கற்றல் என்பது உயிர் காக்கும் தவம். எங்கள் புற்றுநோய் மருத்துவமனை வரவேற்பறையில் பித்தளை எழுத்தில் இப்படித்தான் பொறித்திருக்கிறது. எழுதிக் கொடுத்தது நான்தான் சார். பிளஸ்ஸன், ஊழியர் பயிற்சி அதிகாரி, செகந்திராபாத்.

தவம் ஆண்டுக்கு ஒருநாள் நடக்கும். பதினாலு நர்ஸுகளை உட்காரவைத்து, பின்னால் பன்னிரண்டு பேனர்களை மாற்றி மாற்றிப் படம் எடுப்போம். மாதத்துக்கு ஒரு பேனர். டிசம்பர் பேனருக்கு மட்டும் ஸ்வெட்டர் போடச் சொல்வேன். அப்புறம் பிரியாணி.

மாதத் தேர்வு கம்ப்யூட்டரில். இருநூற்றுப் பத்து பேருக்கும் நானே எழுதிவிடுவேன். அவர்களிடம் விட்டால் ஐம்பது, அறுபது என்று வாங்கி மானத்தை வாங்குவார்கள். அங்கீகாரம் கொடுக்க வந்த பெரிய மனிதர்கள் என் மதிப்பெண் பட்டியலின் நிறத்தைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். உள்ளே யாரும் படிக்கவில்லை.

குஷாய்குடாவிலிருந்து வரும் ஷோபா என்ற புது நர்ஸ் மட்டும் இரண்டு தடவை வந்து நின்றாள்.

"அண்ணா, கீமோ ஏத்துறத ஒருவாட்டி நெஜமா சொல்லிக் குடுங்க. பயமா இருக்கு."

"பயம் நக்கோம்மா, பயமே வேணாம். நீ நூத்துக்கு நூறு."

"அத நான் எழுதலையே அண்ணா."

"அதனாலதான் நூறு வந்திருக்கு," என்றேன். அவள் சிரிக்கவில்லை. இந்தத் தலைமுறைக்குச் சிரிக்கவும் பயிற்சி வைக்க வேண்டும்.

அடுத்த வாரம், ரயில்வே காலனி நாகம்மாவுக்கு மருந்து ஏறும்போது ஊசி ரத்தக்குழாயிலிருந்து விலகி, மருந்து சதைக்குள் கசிந்தது. எரியுது என்று அந்த அம்மாள் சொல்லியிருக்கிறார். அந்த நிமிடமே நிறுத்தியிருக்க வேண்டும். கீமோ என்றால் எரியத்தான் செய்யும்போல என்று நினைத்து, ஷோபா ஆறுதல் சொல்லிக்கொண்டே பாட்டில் தீரும்வரை ஓடவிட்டாள். முன்கைச் சதை அழுகிவிட்டது. மூன்று ஆபரேஷன் ஆகியும் விரல்கள் மடங்கவில்லை. அந்த அம்மாள் தையல்காரராம்.

முதல் விசாரணையில் நான் பதிவேட்டைத் திறந்து காட்டினேன். இதே பாடத்தில் முழு மதிப்பெண்; ஆகவே தெரிந்தே செய்த அலட்சியம். அன்றைக்கே அவள் வேலை போயிற்று. இனி எங்கும் நர்ஸாக முடியாதபடி செய்யப்போகிறார்கள் என்றார்கள். நான் மறுக்கவில்லை. பதிவேடு பேசும்போது நான் குறுக்கே பேசுவது முறையல்ல.

இப்போது இந்த இரண்டாம் விசாரணைக்கு நீங்கள் என் கம்ப்யூட்டரையே தூக்கிவந்துவிட்டதால் ஒத்துக்கொள்கிறேன் சார். ஷோபாவின் தேர்வை எழுதியவன் நான். விஷயம் தெரிந்தவன் எழுதினால் தப்பு வராது என்ற நல்லெண்ணம்தான்.

மருந்து கசிந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு, வேகத்தைக் குறைத்து ஓடவிடலாம் என்று முதலில் டிக் அடித்திருக்கிறேன். இரண்டாம் தடவையும் அதையே. மூன்றாம் தடவை, கம்ப்யூட்டரே காட்டிய விடையை அடித்துத்தான் அந்த நூறு.