அந்த வருடத்தின் கடைசி இரவு

வரி கட்டுவதில் எனக்கு ஒருநாளும் மனக்குறை இருந்ததில்லை. ரோடு போடுகிறார்கள், பனி அள்ளுகிறார்கள், உங்களைப் போன்ற போலீஸ்காரர்களுக்கும் சம்பளம் தருகிறார்கள், லுட்கே சார். எனக்குப் பிடிக்காதது அநியாயம் மட்டும்தான்.

நானும் மார்னியும் பிரிந்திருந்தோமே தவிர விவாகரத்து ஆகவில்லை. மகள் ஹெட்டி ஒரு வாரம் ஏரிக்கு இக்கரையில் என்னோடு, மறுவாரம் அக்கரையில் அவளோடு. பிள்ளை யார் வீட்டில் அதிக இரவுகள் தூங்குகிறதோ அவருக்குத்தான் வரியில் பிள்ளைச் சலுகை. ‘குடும்பத் தலைவர்’ என்று போட்டுக்கொள்ளும் உரிமையும் அவருக்கே. சமமாக வந்தால், அதிகம் சம்பாதிப்பவருக்கு. ஏற்கெனவே இருப்பவருக்கே அள்ளிக் கொடுக்கும் அந்தப் பெரிய மனசை என்னவென்று சொல்வது. மார்னி பல் டாக்டர். நான் படகு மோட்டார் ரிப்பேர் செய்கிறவன்.

அது லீப் வருடம், மொத்தம் 366 இரவுகள். டிசம்பர் கடைசி இரவு ஹெட்டி மார்னி வீட்டில் தூங்கினால் கணக்கு சமம். என் வீட்டில் தூங்கினால் நான் குடும்பத் தலைவர்.

அன்று மத்தியானம் மார்னி போன் செய்தாள். “ஆல்டன், ஆறு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன். போன தடவை மாதிரி அவளுக்குத் திடீர்னு காய்ச்சல் வந்துடப் போகுது, பாத்துக்கோ.”

“இங்க எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம். சுத்துப் பாதையில எதுக்கு வர்ற? ஏரி நல்லா உறைஞ்சிருக்கு. அது மேலயே காரை ஓட்டிட்டு வந்துடு.”

“நீ அக்கறையா பேசினாத்தான் எனக்குப் பயமா இருக்கு” என்று சிரித்தாள்.

எங்கள் ஊரில் பண்டிகை முடிந்ததும் கிறிஸ்துமஸ் மரங்களைக் குப்பையில் போடமாட்டோம். உறைந்த ஏரியின்மேல் வரிசையாக நட்டுவைப்போம். இருட்டில் கார்கள் அதைப் பார்த்துத்தான் கரை சேரும். ஹெட்டி கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் போய் நாலைந்து மரங்களை இடம் மாற்றினேன். வழி தெரியாமல் திரும்பிப் போவாள், போனில் கத்துவாள், காலையில் வருவாள். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன்.

ஹெட்டி கோட்டு, பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு ஜன்னலருகே நின்றாள். “அம்மா கார் லைட் தெரிஞ்சுதுப்பா. இப்பக் காணோம்.”

“திரும்பிப் போயிருப்பாங்க கண்ணு. படு.”

கோட்டோடே தூங்கிப்போனாள். என் வீட்டில்தான்.

“வழி மாறணும்னா மரத்தைப் பிடுங்கிப் போட்டாலே போதுமே, ஓடை வந்து சேர்ற இடத்துக்கு நேரா எதுக்கு நட்டு வச்சீங்க? அங்க பனி மெலிசா இருக்கும்னு சின்னப் பசங்களுக்கே தெரியுமே” என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. எனக்கும் தெரியும். எந்த வேலையையும் அரைகுறையாக விடுவது எனக்குப் பழக்கமில்லை.

பிப்ரவரியில் வரிக்கணக்கு எழுதும் டாட்டி அம்மாவிடம் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: “வருஷம் முடியறதுக்குள்ள போயிட்டாங்க, சட்டப்படி அப்பவும் உங்க சம்சாரம்தான். ரெண்டு பேருக்கும் சேர்த்தே தாக்கல் பண்ணிடலாம். எந்த வீட்ல எத்தனை ராத்திரிங்கிற கணக்கே வேண்டாம்.”

எனக்கு வயிறு எரிந்தது. அந்தக் குளிரில், விரல் மரத்துப்போகப் பாடுபட்டுச் சேர்த்த என் ஒரு இரவை யாரும் எண்ணவே இல்லை.

இருந்தாலும் பெருந்தன்மையாக இருவருக்கும் நானே கையெழுத்துப் போட்டேன். பிரிந்தபிறகு நானும் மார்னியும் சண்டை போடாமல் சேர்ந்து செய்த ஒரே காரியம் அதுதான்.