மேஸ்திரிக்கு டியூப் பூட்ஸ்

— காலை அசைய விடாமப் பிடிம்மா. ஒட்டுற சொல்யூஷன் இன்னும் காயல.

— நான் சரியாத்தாங்க பிடிச்சிருக்கேன். உங்க மேஸ்திரிதான் என் மடியில ஏறிப் படுக்கப் பாக்குறான்.

— படுக்கட்டும். வண்டி இடிச்சதுலேர்ந்து பின்னங்கால் ரெண்டையும் இழுத்துக்கிட்டே திரியுறான். சிமெண்ட் தரையில நகமெல்லாம் தேஞ்சு... ரத்தம் பாரு.

— அங்க கடை வாசல்ல பஞ்சர் ஒட்ட ஆள் காத்துக் கிடக்குது. முதலாளி இங்க நாய்க்குச் செருப்பு ஒட்டுறாரு!

— செருப்பு இல்ல, பூட்ஸ். லாரி டியூப்பை வெட்டினது. மழையில நனைஞ்சாலும் ஒண்ணும் ஆகாது.

— அழகுதான்... சுரைக்காய்க்கு உறை போட்ட மாதிரி.

— நக்கலா? சரி, இறக்கி விடு. மேஸ்திரி... வாடா, வா!

— ஏங்க... போறான் பாருங்க! இழுத்துக்கிட்டுதான் போறான், ஆனா தரையில ஒரு பொட்டு ரத்தம் இல்ல!

— எங்க போறான் பாரு. பக்கத்து வீட்டுல சுவர் பூசுறாங்கல்ல... மேற்பார்வைக்குக் கிளம்பிட்டான்.

— பாவம், இத்தனை நாள் வேலை எப்படித்தான் ஓடுச்சோ, இவன் இல்லாம!

— சரி, கத்தரியை எடுத்து உள்ள வை.

— ஏங்க, இன்னும் நாலு ஜோடி வெட்டி வைங்களேன்.

— நாலு ஜோடியா? எதுக்கு? ரெண்டே மாசத்துல கால் சரியாயிடும்னு டாக்டர்...

— ரெண்டு மாசத்துக்கா அடியில மூணு அடுக்கு ரப்பர் ஒட்டியிருக்கீங்க?

— அது... டியூப் சும்மா கிடந்துச்சு.

— சும்மா கிடந்துச்சாக்கும்.

— கடையில ஆள் காத்திருக்கும்மா, நான் போறேன்.

— சொல்லுங்க.

— நரம்பு போயிடுச்சும்மா. இனிமே கடைசி வரைக்கும் இப்படித்தானாம். தெரிஞ்சா நீ சாப்பிடாம கொள்ளாம கிடப்ப... அதான், உன்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு டாக்டர்கிட்டக் கெஞ்சிட்டு வந்தேன்.

— அடப் பாவி மனுஷா! அவன் காலைக் கிள்ளிப் பாத்தே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. மறுநாள் நான் போயி, "எங்க வீட்டுக்காரர் தாங்க மாட்டாரு, அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்"னு அழுதப்ப, அவர் ஏன் அந்தப் பக்கம் திரும்பிச் சிரிச்சாருன்னு இப்பல்ல புரியுது!