பூட்டனாரின் வாள், மாளிகாவத்தையில் செய்தது

மெதுவாக் கதையுங்கோ, ஸாலிஹ் நானா. உள்ளுக்கு மாப்பிள்ளையின்ர தாய் இருக்கிறா, எங்கட மகள் கௌரியைப் பாக்க வந்தவ. இவரைப் பொலிஸ் கொண்டு போனது காணாதெண்டு நீங்களும் வாசல்ல நிண்டு, "அந்த வாள் நான் செய்து குடுத்தது" எண்டு கத்திப்போடாதேங்கோ. ஓம்... ஓம், விளங்குது. கொஞ்சம் பொறுங்கோவன்.

எல்லாப் பிழையும் உங்களிலதான். பின்னை? நாடகக்காரருக்கு வாள் செய்யிறவர், நாடகத்துக்குச் செய்யிற மாதிரியெல்லோ செய்யவேணும்? கொஞ்சம் பழசாத் தெரியட்டும் எண்டுதான் நான் சொன்னனான். நீங்கள் என்னடாவெண்டால் உங்கட மாளிகாவத்தைப் பட்டறையில அதைப் புளியில ஊறப்போட்டு, கரி தேய்ச்சு, பிடியில இருக்கிற பித்தளைச் சிங்கத்துக்கு ஒரு காதையும் ஒடிச்சு... காதை ஒடிக்கச் சொல்லி ஆர் கேட்டது? அதைப் பாத்தாப் பிறகுதான் எனக்கே அது எங்கட பூட்டனாற்ற வாள்தான் எண்ட மாதிரி வந்தது. ஒரு சாமானைச் செய்தால் இவ்வளவுக்குச் செய்யக்கூடாது, நானா.

முன் ஃப்ளாட் டொக்டரம்மா யானைத் தந்தம் மாட்டி வைச்சிருக்கிறா. பிளாஸ்டிக். வெய்யில் பட்டு மஞ்சளாப் போச்சு, ஆபிரிக்காவில இருந்து வந்தது எண்டு இன்னும் சொல்லுறா. அவ வீட்டில ஆரையும் பிடிச்சவங்களோ? இல்லை. எங்களுக்குத்தான் எல்லாம்.

வந்த பொலிஸ்காரனும் நல்ல பொடியன். ஒழுங்கை முழுக்கச் செக் பண்ணிக்கொண்டு வந்தவன், சுவரில மாட்டியிருந்த வாளைக் கழட்டி விரலால தடவிப் பாத்தான். நீங்கள்தான் ஒரு நாளும் கூர் வைக்கிறேல்லையே. அவனுக்குச் சிரிப்பு வந்திட்டுது. இவரும் சிரிச்சுக்கொண்டு, "பொம்மை, மாத்தயா" எண்டு சிங்களத்தில சொன்னார். பொம்மையாம். பூட்டனார் வன்னியில அந்த வாளால போர்த்துக்கீசரை வரிசையா வெட்டினவர் எண்டு அப்பதான் மாப்பிள்ளையின்ர தாய்க்கு நான் சொல்லி முடிச்சனான். மனிசி கொழும்பில பிறந்து வளந்தது, சிங்களம் நல்லாத் தெரியும். கப்பைக் கீழ வைச்சிட்டு என்ர முகத்தைப் பாக்குது. நான் என்ன செய்ய? "பொம்மையில்லை, ஒரிஜினல்" எண்டன். பொலிஸுக்கு விளங்கவேணுமெண்டு சிங்களத்திலயும் சொன்னன்.

கூரில்லையே எண்டு அவன் கேட்டான். வெட்டி வெட்டி மழுங்கினது எண்டன்.

அவ்வளவுதான், ஒரிஜினல் வாள் வைச்சிருக்கிறாரெண்டு இவரைக் கொண்டு போட்டாங்கள், நானா. சாரத்தோட போனவர், சேட் மாத்தக்கூட விடேல்லை. இந்த நாளையில கொண்டு போனவையளில எத்தினை பேர் எங்கயெண்டே தெரியாமல் போச்சினம். எனக்கும் அது தெரியாமலோ இருக்குது?

என்ன? பொலிஸில நீங்கள் போய்ச் சொன்னது காணாதாமோ? ஒரிஜினல் எண்டு சொன்ன அம்மா வந்து, பொய் எண்டு தன்ர வாயால சொல்லவேணுமாமோ? இப்பவே வரட்டாமோ... எப்பிடி வாறது? வந்திருக்கிற மனிசிக்கு என்ன சொல்லிப்போட்டு வாறது? இந்தச் சம்பந்தமும் குழம்பினால் கௌரி என்னோட கதைக்கவே மாட்டாள். நாளைக்கு வாறன் எண்டு சொல்லுங்கோ. இவற்ற பிரஷர் குளிசையைத் தாறன், கொண்டுபோய்க் குடுங்கோ. அங்க ஃபேன் இருக்குதோ?

அதென்ன பையுக்குள்ள? அட, அதே சிங்கப் பிடி. அதே அச்சில வார்த்ததோ? ரெண்டையும் பக்கத்தில வைச்சுக் காட்டினால் அவங்கள் நம்புவாங்கள்தான். அப்ப நீங்களே கொண்டுபோய்க் காட்டுங்கோவன். என்ர கையில ஏன் வைக்கிறியள்? நான் வருமட்டும் கீழ ஓட்டோவில பாத்துக்கொண்டு நிக்கிறியளோ... நானா. இஞ்சை, நில்லுங்கோ நானா...

ஆ, வாங்கோ அக்கா, தேத்தண்ணியை விட்டிட்டு ஏன் எழும்பி வந்தனீங்கள்? ஒருத்தருமில்லை, ஆரோ வழி கேட்டு வந்த ஆள். இதுவோ? இதுவும் வாள்பிடிதான். பூட்டனாற்ற தம்பியாற்ற. அவரும் சண்டைக்குப் போனவர்தான், ஆனால் தமையன் அளவுக்கு வெட்டேல்லை, அதுதான் பழுதுபடாமல் இருக்குது.

ஹோர்னோ? கன நேரமா அடிக்குதுதான். எங்களுக்கில்லை, அக்கா. நீங்கள் இருங்கோ.